குளிர்க்கிடங்கில் தலைமறைவு

தான் தப்பி ஓடிவிட்ட செய்தி மெக்கானிக்கின் காதுக்கு வந்தபோது அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். சொன்னவர் நன்னடத்தை அதிகாரி. குளிர்க்கிடங்கின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேரே வந்தவர், துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

"நீங்க தலைமறைவாயிட்டீங்க."

மெக்கானிக் டப்பா மூடியும் கையுமாக நிமிர்ந்தார். "யாரு சார், நானா?"

"நீங்கதான். இன்னைக்குக் காலையில மட்டும் நாலஞ்சு தடவை."

"நான் இங்கயேதானே சார் இருக்கேன்?"

"இப்ப இருக்கீங்க. அதை நான் மறுக்கவே இல்ல. இல்லாதப்ப எங்க போயிருந்தீங்கன்னுதான் கேக்குறேன்."

மெக்கானிக் என்றால் தெருமுனையில் பைக் பிரிக்கிற மெக்கானிக் இல்லை. உருளைக்கிழங்கும் ஆப்பிளும் மாதக்கணக்கில் கெடாமல் தூங்குகிற பெரிய கிடங்கில் கம்ப்ரஸரையும் காயிலையும் ஃபேனையும் கட்டி மேய்க்கிறவர். மூட்டை தூக்குகிறவர்கள் அவரை 'ஐஸ் அண்ணன்' என்பார்கள். மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. இருப்பது ஒரே மகள், ஒரு ராத்திரி ரயில் தூரத்தில். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. நிறைமாசமாக மகள் அங்கே தனியாக இருக்க, மாப்பிள்ளை எந்தக் கடலில் இருக்கிறார் என்பது கப்பலுக்கே வெளிச்சம். "நீங்க வந்துடுவீங்கல்லப்பா?" என்று அவள் கேட்காத நாளில்லை. "நான் வராம வேற யாரும்மா வருவா?" என்று அவரும் சொல்லாத நாளில்லை. ரயில் டிக்கெட் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்.

அவர் செய்த குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மூட்டைக்காரரின் விரல் பெல்ட்டில் மாட்டி ரத்தமாகக் கொட்ட, வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். ஆஸ்பத்திரி வாசலில் தடுப்புக் கம்பி. அதைத் தூக்க வேண்டியவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஐஸ் அண்ணன் ஹாரன் அடித்தார், கத்தினார், கடைசியில் இறங்கிக் கம்பியை வளைத்துவிட்டார். விரல் பிழைத்தது, கம்பி பிழைக்கவில்லை. பொதுச் சொத்துக்குச் சேதம். கோர்ட் பெரிய மனசு பண்ணி, ஜெயில் வேண்டாம், ஒரு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கட்டும் என்றது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வேலையை விடக் கூடாது. அவ்வளவுதான். அந்த ஒரு வருஷம் இந்த மாசக் கடைசியில் முடிகிறது. மகளுக்கு அடுத்த மாசம் முதல் வாரம். கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது.

அதைக் கெடுத்தது கொலுசு. இலாகாவை நவீனப்படுத்துகிறோம் என்று கண்காணிப்பில் இருந்த அத்தனை பேருக்கும் போன வாரம் காலில் ஒரு கறுப்புப் பட்டை மாட்டிவிட்டார்கள். அது செல்போன் மாதிரி சிக்னல் அனுப்பும். ஆள் எங்கே நிற்கிறார் என்று தலைமை அலுவலகத்துத் திரையில் பச்சைப் புள்ளி எரியும். மாட்டும் விழாவில் அதிகாரி பேசினார்: "முன்னாடி நாங்க உங்களை நம்பிக்கிட்டிருந்தோம். அது எங்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். இனிமே அந்தக் கஷ்டம் யாருக்கும் கிடையாது." எல்லோரும் கை தட்டினார்கள். கிடங்கில் அன்றைக்கே, "அண்ணனுக்குக் கொலுசு போட்டாச்சு, எப்ப வளைகாப்பு?" என்று கிண்டல் ஆரம்பமாகிவிட்டது.

குளிர் அறை என்பது தகரச் சுவருக்குள் ஒரு முழம் கனத்துக்குத் தெர்மோகோல் அடைத்த பெட்டி. கதவு சாத்தினால் குளிர் வெளியே போகாது. சிக்னலும் போகாது. ஐஸ் அண்ணன் ஃபேனைப் பார்க்க உள்ளே நுழையும் ஒவ்வொரு தடவையும் திரையில் அவர் புள்ளி பட்டென்று அணைந்தது. வெளியே வந்தால் மறுபடி எரிந்தது. இதை அவர் அதிகாரிக்கு நின்று நிதானமாக விளக்கினார். கதவைத் திறந்து காட்டினார். அதிகாரி மூக்கை உள்ளே நீட்டி, "நல்ல குளிர்ச்சி" என்றார்.

"அதான் சார், இதுக்குள்ள போனா சிக்னல் வராது."

"இருக்கலாம். ஆனா மேப்புல இப்படி ஒரு இடமே காட்டலையே. கோர்ட்ல வந்து சொல்லிக்குங்க."

அந்தக் கோர்ட்டில் நன்னடத்தை மீறல் வழக்குகளுக்கென்று வெள்ளிக்கிழமை காலையை ஒதுக்கியிருந்தார்கள். நீதிபதி பத்தரைக்குத்தான் வந்து அமர்வார். ஆனால் அதற்குள் தாழ்வாரத்தில், சங்கிலி போட்ட டம்ளர் தொங்கும் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், வழக்குகள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். அரசு வக்கீல் ஒரு பக்கம், இலவச சட்ட உதவி வக்கீலம்மா ஒரு பக்கம், நடுவில் நன்னடத்தை அதிகாரி. காய்கறி வாங்குகிற மாதிரி பேரம் நடக்கும். "அந்தப் பெயின்டரை ஆறு மாசத்துக்கு முடிங்க, இந்த டிரைவரை நான் வருஷத்துக்கு ஒத்துக்க வைக்கிறேன்." "டிரைவர் மூணு மீறல் சார், வருஷம் கட்டுப்படியாகாது." சம்பந்தப்பட்ட பெயின்டரும் டிரைவரும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வக்கீலம்மா கை நிறையக் கட்டுகளோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்கு நின்று பேச நேரம் கிடையாது.

"கொலுசு கேஸ்தானே? ஒத்துக்கிட்டீங்கன்னா பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடலாம்ண்ணே."

"எதைம்மா ஒத்துக்கணும்?"

"மீறலை."

"நான் எதையும் மீறலையேம்மா."

"அது வேற விஷயம். அதை இன்னொரு நாள் சாவகாசமா பேசுவோம். ஒத்துக்கிட்டா கண்காணிப்பை இன்னும் ஒரு வருஷம் நீட்டுவாங்க. அவ்வளவுதான்."

"ஐயோ, அடுத்த மாசம் என் பொண்ணுக்குப் பிரசவம்மா. நான் ஊருக்குப் போகணுமே!"

"அதுக்குத்தான் சொல்றேன். ஒத்துக்கிட்டவங்கன்னா ஐயா மனசு இளகிடும். வெளியூர் போக அனுமதி கேட்டா அன்னைக்கே குடுத்துடுவாரு. மறுக்கிறவங்களுக்கு எப்படிக் குடுப்பாரு? நீங்களே சொல்லுங்க."

"மறுத்தா என்ன ஆகும்?"

வக்கீலம்மா யோசித்தார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும். "விசாரணைன்னு ஒண்ணு இருக்கு. இங்க நடந்து நான் பார்த்ததில்ல. நடத்தத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேக்கணும். அது முடியிற வரைக்கும் உங்க ஒரு வருஷம் அப்படியே நிக்கும், ஓடாது."

செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் காலில் பட்டையோடு அலைவதா? ஒரு கதவைத் திறந்து காட்டினால் தீர்ந்துபோகிற விஷயம். படித்தவர்களுக்குப் புரியாமலா போகும் என்று அவர் நினைத்தார். அப்படி நினைத்தது அவருடைய வளர்ப்புக் கோளாறு.

"மறுக்கிறேங்கய்யா" என்று அவர் கூண்டில் நின்று சொன்னார். தட்டச்சர் விரலை அந்தரத்தில் நிறுத்தினார். வாசலில் நின்ற டவாலி, தான் ஏதாவது தப்பாகக் கூப்பிட்டுவிட்டோமோ என்று பேய்முழி முழித்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதோ பாருப்பா" என்றார் நீதிபதி. குரலில் கோபமே இல்லை, அவ்வளவும் வாஞ்சை. "இந்த நாற்காலியில உட்கார்ந்து இத்தனை வருஷத்துல ஒரு மீறல் வழக்குலகூட நான் யாரையும் குற்றவாளின்னு முடிவு பண்ணதில்ல. அவங்கவங்களே ஒத்துக்கிட்டாங்க. நான் அதை ஏத்துக்கிட்டேன். இந்தக் கோர்ட்டுக்குன்னு ஒரு பேர் இருக்கு. நீ தப்பு செய்யலைன்னா ஒத்துக்கறதுல உனக்கு என்ன கஷ்டம்? மனசுல கனம் இருக்கிறவன்தான் தயங்குவான்."

"நான் குளிர் ரூமுக்குள்ள இருந்தேங்கய்யா. அங்க சிக்னல் வராது."

அரசு வக்கீல் எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே! ஒரு தடவை தப்பி ஓடுகிறவனைப் பார்த்திருக்கிறோம். இவர் தினசரி ஓடுகிறார். டீ இடைவேளைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. தப்பி ஓடுவதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறார்."

வக்கீலம்மா விடவில்லை. "கனம் கோர்ட்டார் அவர்களே! என் கட்சிக்காரர் எத்தனை தடவை ஓடினாரோ அத்தனை தடவையும் தானாகவே வந்து சரணடைந்திருக்கிறார். யாரும் தேடிப் போகவில்லை. சராசரியாக அரை மணி நேரத்தில் மனம் திருந்துகிற ஒரு மனிதரை இந்தக் கோர்ட் பார்த்திருக்கிறதா?"

மெக்கானிக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் பக்கம் பேசுகிறவர் யார் என்று அவருக்கு ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது. நீதிபதி மட்டும் வக்கீலம்மாவின் வாதத்தை வெகுவாக ரசித்தார். "ஓடினதையும் பார்க்கணும், திரும்பி வந்ததையும் பார்க்கணும்" என்று சொல்லி, அந்தக் கிடங்கை நேரில் வந்து பார்ப்பதாக உத்தரவிட்டார். அதுவரைக்கும் மெக்கானிக் சிக்னல் கிடைக்காத எந்த இடத்துக்கும் போகக் கூடாது. வேலையையும் விடக் கூடாது.

இந்த உத்தரவை எப்படி நிறைவேற்றுவது என்று மெக்கானிக் அதிகாரியிடம் கேட்டார். அதிகாரி கொஞ்சமும் தயங்கவில்லை. "பட்டை கால்லதானே இருக்கு? அந்தக் காலை வெளியே வச்சுக்கிட்டு மிச்ச ஆளை உள்ளே அனுப்புங்க."

அப்படியே நடந்தது. கதவைப் பாதி திறந்து வைத்து, பட்டை போட்ட இடது காலை வாசலில் நீட்டிக்கொண்டு, உடம்பை உள்ளே சாய்த்து, இரண்டு மூட்டைக்காரர்கள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, ஐஸ் அண்ணன் வாசலுக்குப் பக்கத்து ஃபேனை மட்டும் பழுது பார்த்தார். கை எட்டாத ஃபேன்கள் ஒவ்வொன்றாக உறைந்து நின்றன. திறந்த கதவு வழியாகக் குளிர் வெளியே போக, வெக்கை உள்ளே வர, கம்ப்ரஸர் மூச்சு முட்டிக் கதறியது. முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க ஓடிவந்தார்.

"யோவ், கதவைச் சாத்துய்யா! கிழங்கெல்லாம் முளை விடுது!"

"சாத்தினா நான் ஓடிப்போயிடுவேன் முதலாளி."

"எங்கய்யா ஓடுவ?"

"அதைத்தான் அவங்களும் கேக்குறாங்க."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு போனார். வேலையை விட்டு நிறுத்தினால் அதுவும் இவனுக்கு மீறலாகிவிடும் என்று தெரிந்த நல்ல மனிதர் அவர். ஆனால் எத்தனை நாளைக்கு? இப்படி ஒற்றைக் காலில் நின்றே மாசக் கடைசியும் வந்து போனது. அவருடைய ஒரு வருஷம், முடிய வேண்டிய நாளுக்கு முன்னால் வந்து கல் மாதிரி நின்றுகொண்டது. ரயில் அவரை விட்டுவிட்டுப் போனது. மகளுக்குப் போன் போட்டு, "ரெண்டு நாள்ல வந்துடறேம்மா, இங்க சின்ன வேலை" என்றார். "எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள் அவள். அவர் கதவு விளிம்பில் படிந்த ஐஸைச் சுரண்டிக்கொண்டே நின்றார்.

ஒருவழியாக நேரில் பார்க்கும் நாள் வந்தது. நீதிபதி, அரசு வக்கீல், வக்கீலம்மா, அதிகாரி, தட்டச்சர், டவாலி என்று கோர்ட் மொத்தமும் இரண்டு ஜீப்பில் வந்து இறங்கியது. முதலாளி எல்லோருக்கும் குளிர் கோட்டு கொடுத்தார். கோட்டு போட்டதும் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட்டதால் நீதிபதி யார் என்று தெரிவதற்காக டவாலி அவருக்கு முன்னால் 'விலகு, விலகு' என்று சொல்லிக்கொண்டே நடந்தார். எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள். மெக்கானிக் நடுவில் நின்றார். நீதிபதி உத்தரவிட, கதவு சாத்தப்பட்டது.

"இப்பப் பாருங்கய்யா" என்றார் மெக்கானிக். அவர் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். "உங்க போனை எல்லாம் எடுத்துப் பாருங்க. யாருக்காவது சிக்னல் இருக்கா?"

எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள். யாருக்கும் இல்லை. வக்கீலம்மா மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார். அரசு வக்கீல்கூடப் பல் கிட்டிக்க, "ஆமாம், இல்லை" என்றார். நீதிபதி உருளைக்கிழங்கு மூட்டையைத் தட்டிப் பார்த்தார், ஃபேனை அண்ணாந்து பார்த்தார், மெக்கானிக்கின் கால் பட்டையைக் குனிந்து பார்த்தார். "எல்லாம் தெளிவா இருக்கு" என்றார். மெக்கானிக்குக் கண் கலங்கியது. அந்தக் குளிரில் அது கன்னத்திலேயே சில்லிட்டுப் போனது.

கதவைத் திறந்தபோது வெளியே போலீஸ் வேன் நின்றது. தலைமை அலுவலகத்துத் திரையில் புள்ளி அணைந்ததும், அதிகாரியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் போன் எடுக்கவில்லை. விஷயம் பெரிது என்று போலீஸை அனுப்பிவிட்டார்கள். கிடங்கு முற்றத்திலேயே, ஒரு ஆப்பிள் பெட்டியின் மேல் உட்கார்ந்து நீதிபதி கோர்ட்டைக் கூட்டினார்.

அரசு வக்கீல் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு ஆரம்பித்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, சற்று முன் கோர்ட் இந்த அறையை நேரில் பார்த்தது. அந்த நேரத்தில் இவர் இங்கே இல்லை என்று கருவி சொல்கிறது. அதாவது, கோர்ட் வந்து காத்திருக்கும்போதே இவர் தலைமறைவாகியிருக்கிறார். இதைவிடத் துணிச்சலான மீறல் இருக்க முடியாது."

"ஐயா!" என்று அலறிவிட்டார் மெக்கானிக். "உங்க பக்கத்துலதானே நின்னேன்! நீங்க என் காலையே குனிஞ்சு பார்த்தீங்களே!"

"பார்த்தேன்" என்றார் நீதிபதி, வருத்தத்தோடு. "ஒரு மனுஷனா நான் உன்னைப் பார்த்தேன். ஆனா நான் நீதிபதி. நானே சாட்சி சொல்லி நானே தீர்ப்பு சொல்ல முடியாது. அது அநியாயமா போயிடும். நான் உன்னைப் பார்க்காத மாதிரிதான் இதை முடிவு பண்ணணும்."

"இவங்க எல்லாரும் பார்த்தாங்களேய்யா!"

"எல்லாரும் கோர்ட்டுதான்."

"அப்ப உங்க போன்லயும் சிக்னல் இல்லையே. நீங்களும் காணாமப் போனீங்களா?"

வக்கீலம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆனால் நீதிபதி கோபித்துக்கொள்ளவில்லை. "நல்ல கேள்வி" என்றார். "எங்க கால்ல பட்டை இல்லை. பட்டை இல்லாதவங்க காணாமப் போக முடியாது. நாங்க எங்க இருந்தாலும் இருக்கிறோம். நீ இருக்கியா இல்லையான்னு நாங்க சொல்லணும். எங்களுக்கு அது சொல்லணும்." அவர் விரல் பட்டையைக் காட்டியது. போலீஸ்காரர்கள் தலையாட்டினார்கள். வழக்கு வெள்ளிக்கிழமைக்கு ஒத்தி வைக்கப்பட்டது. ஜீப்புகள் ஆளுக்கு ஒரு பை ஆப்பிளோடு கிளம்பிப் போயின.

வியாழக்கிழமை மகள் போன் செய்தாள். நாள் இன்னும் இருக்கிறது, ஆனால் கால் பானை மாதிரி வீங்கிவிட்டது, ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, டாக்டர் உடனே வந்து சேரச் சொல்லிவிட்டார், பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு வந்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஆபரேஷன் இருக்கலாம். "கையெழுத்துப் போட வீட்டு ஆளு வேணும்னு கேக்குறாங்கப்பா. அப்பா வர்றார்னு சொல்லிட்டேன். ராத்திரி ரயில் இல்லைன்னா காலை பஸ்ஸு இருக்குல்ல?"

"இருக்கும்மா" என்றார். அப்புறம் கிடங்கின் பின்பக்கம் போய், கம்ப்ரஸர் போடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்து, வாய்விட்டு அழுதார். மூட்டைக்காரர்களுக்குக் கேட்டது. அன்றைக்கு யாரும் கொலுசைப் பற்றி எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை தாழ்வாரத்தில் வக்கீலம்மா வருவதற்கு முன்பே மெக்கானிக் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றிருந்தார். "ஒத்துக்கறேம்மா. எல்லாத்தையும் ஒத்துக்கறேன். மத்தியான பஸ்ஸையாவது பிடிச்சாகணும்."

வக்கீலம்மாவின் முகம் மலர்ந்தது. "இதை அன்னைக்கே செஞ்சிருந்தா இவ்வளவு அலைச்சல் உண்டா? ஒண்ணே ஒண்ணு. ஓடினேன்னு மட்டும் சொன்னா போதாது, எங்க போனேன்னும் சொல்லணும். இடம் இல்லாம மீறலை முடிக்க மாட்டாரு. சினிமா, பார்க், ஏதோ ஒண்ணு சொல்லுங்க. வழக்கமா எல்லாரும் சிநேகிதன் வீடுன்னு சொல்லுவாங்க. அதை ஐயா கேட்டுக் கேட்டுச் சலிச்சுட்டாரு."

மெக்கானிக் கூண்டில் ஏறினார். "மீறலை ஒத்துக்கறீரா?" என்றார் நீதிபதி. "ஒத்துக்கறேங்கய்யா" என்றார். கோர்ட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். டவாலி நேராக நின்றார். தட்டச்சர் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டார்.

"எங்கே போனீர்?"

சினிமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"என் பொண்ணு வீட்டுக்குங்கய்யா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்." ஆரம்பித்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. "கதவைச் சாத்தினதும் அங்கதான் போவேன். அவ தனியா இருக்கா. மாடிப்படி ஏற முடியாது, மூச்சு வாங்கும். நான் போய்த் தண்ணி பிடிச்சு வைப்பேன். கால் வீங்கியிருக்கும், கொஞ்ச நேரம் பிடிச்சு விடுவேன். அவங்கம்மா இருந்தா செஞ்சிருப்பா. எனக்குப் பிடிச்சுவிடத் தெரியாது, என் கை இரும்பு பிடிச்ச கை, ஆனா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. சாப்பிட்டியாம்மான்னு கேப்பேன். சாப்பிட்டேன்பா, நீங்க இருக்கீங்கல்ல, எனக்கென்ன பயம்னு சொல்லுவா. அப்புறம் திரும்பி வந்துடுவேன். ஃபேன் வேலை இருக்கும்ல."

தட்டச்சர் மூக்கை உறிஞ்சினார். அரசு வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி, இலாகாவுக்கு வந்து இதுவரை இப்படி ஒரு ஒப்புதலைக் கேட்டதில்லை என்று பின்னாலிருந்தவரிடம் சொன்னார்.

தட்டச்சருக்கு மட்டும் ஒரு சந்தேகம். மெல்ல எழுந்தார். "ஐயா, மகள் இருக்கிறது ராத்திரி ரயில் தூரம்னு முன்னாடி எழுதியிருக்கேன். அரை மணி நேரத்துல போயிட்டு வர..."

"ஒத்துக்கிட்ட பிறகு தூரம் எதுக்குங்க?" என்றார் நீதிபதி. தட்டச்சர் உட்கார்ந்தார்.

தீர்ப்பு உடனே வந்தது. மெக்கானிக் உண்மையைச் சொல்லும் துணிவைக் காட்டியதால் கண்காணிப்பு ஒரே ஒரு வருஷம் மட்டும் நீட்டிக்கப்படுகிறது. குளிர் அறை வேலை, ஒரு கால் வெளியே இருக்கிற வரை, தொடரலாம். "உன்னைப் பத்தி நான் பெருமைப்படுறேன்" என்றார் நீதிபதி. வக்கீலம்மா சூட்டோடு சூடாக எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, ஒரு சின்ன விண்ணப்பம். இவருடைய மகளுக்கு இன்று சாயங்காலம் பிரசவ ஆபரேஷன். தாய் இல்லாத பெண். கணவர் கடலில். கையெழுத்துப் போட இவர் போக வேண்டும். ஒரு வாரம் ஊர் எல்லையைத் தாண்ட அனுமதி கேட்கிறோம்."

நீதிபதி கனிவோடு தலையாட்டினார். மெக்கானிக்கின் கை தானாகவே சட்டைப் பையிலிருந்த பஸ் காசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"தகப்பன் மகளைப் போய்ப் பார்க்கிறது நியாயம்" என்றார் நீதிபதி. "அதை இந்தக் கோர்ட் ஒருநாளும் மறுக்காது. ஆனா யோசிச்சுப் பாருங்கம்மா. எனக்கும் ஒரு பொண்ணு வெளியூர்ல இருக்கா. வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா அதிகம். இவர் இப்பத்தான் சொன்னார், ஒரே மாசத்துல நூறு தடவைக்கு மேல போயிட்டு வந்திருக்கார். போய்க் காலெல்லாம் பிடிச்சு விட்டிருக்கார். இவ்வளவு பார்த்தவருக்கு மறுபடியும் அனுமதி குடுத்தா, மீறாம ஒழுங்கா இருக்கிற மத்த தகப்பன்மாருங்க என்ன நினைப்பாங்க? மீறினவருக்கு மேலும் சலுகையான்னு கேக்க மாட்டாங்களா?"

"ஐயா, நான் போகலைங்கய்யா!" மெக்கானிக் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஒரு தடவைகூடப் போகலை! அவ முகத்தைப் பார்த்தே ஒரு வருஷம் ஆச்சு!"

கோர்ட் திடுக்கிட்டது. நீதிபதியின் முகத்தில் முதல் தடவையாக வலி தெரிந்தது. "இப்பத்தானே ஒத்துக்கிட்ட? கோர்ட்டுல பொய் சொன்னேன்னு சொல்றியா? அதுக்கு ஜெயில்ப்பா. நான் அதைக் காதுல வாங்கலை. உன் நல்லதுக்குத்தான்." விண்ணப்பம் தள்ளுபடி என்றார். டவாலி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தாழ்வாரத்துக்கு வந்தபோது சட்டைப் பையில் போன் துடித்தது. மகள்தான். பின்னால் தள்ளுவண்டிச் சக்கரச் சத்தமும் யாரோ அதட்டுவதும் கேட்டன.

"அப்பா, பஸ் ஏறிட்டீங்களா? சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னு இப்பவே உள்ள கூட்டிட்டுப் போறாங்க."

"இல்லம்மா."

"ஏம்ப்பா?"

அவர் வாயில் வந்ததைச் சொன்னார். "நான் அங்க வந்து உன்னைப் பார்த்துட்டுப் போயிட்டேனாம். நிறைய தடவை. அதனால விட மாட்டேன்னுட்டாங்கம்மா."

மகள் சின்னப் பிள்ளையில் அழுவாளே, அதே குரலில் கேட்டாள்.

"நான் உங்களைப் பார்க்கவே இல்லையேப்பா?"

யாரோ அவள் கையிலிருந்து போனை வாங்கிவிட்டார்கள். தொடர்பு அறுந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார்.

டவாலி வெளியே வந்து அவர் தோளைத் தொட்டார். "என்னண்ணே நீங்க, நன்றி சொல்லாம வந்துட்டீங்க? தீர்ப்பு ஆனதும் ஐயாவுக்கு நன்றி சொல்லிட்டுத்தான் போகணும். இல்லைன்னா அதையும் நடத்தைன்னு எழுதிடுவாங்க. வாங்க, வாங்க."

அவர் உள்ளே போனார். கை கூப்பினார். நீதிபதி அடுத்த வழக்கின் கட்டிலிருந்து தலையைத் தூக்கி, மனசு நிறைந்து சிரித்தார்.

"அடுத்த தடவை போகும்போது குழந்தையை நான் ரொம்ப விசாரிச்சதா சொல்லுப்பா."

"சரிங்கய்யா" என்றார் மெக்கானிக்.